கேளாமலே வந்து சேரும் சவர்க்காரம்

வீட்டில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் அச்செய்தி தானாகவே பரவிவிடும். சவர்க்காரம் இல்லையென்பதைக் குளியலறையிலிருந்து எழும் குரல் அறிவிக்கும். சீனி இல்லையென்பதை முதல் மிடறு தேநீரிலேயே வீட்டுத் தலைவர் அறிந்துகொள்வார். உப்பு இல்லையென்பதைச் சில வேளைகளில் அயல்வீட்டாரும் அறிவர். இல்லாமைக்கு வாய் உண்டு; மிகுதிக்கோ அது கிடையாது. அலுமாரியின் பின்வரிசையிலே ஏழாவது பற்பசைக் குழாய் வந்து அமர்ந்துகொண்டதை எவரும் கவனிப்பதில்லை. எட்டாவது வந்து, அலுமாரிக் கதவு மூட மறுக்கும்பொழுதுதான், "இத்தனையை யார் வாங்கினார்கள்?" என்ற கேள்வி பிறக்கின்றது. யாரும் வாங்கவில்லை என்பதே அதற்குரிய விடை. அவை தாமாக வந்தவை.

மேனாடுகளில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், இந்த ஊமைப் பெருக்கம் இன்று பல குடும்பங்களுக்குப் பழகிப்போன சங்கடமாகிவிட்டது. இணையக் கடைகள் நடத்தும் சந்தா முறையே இதற்கு மூலம். பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதை நாம் அறிவோம். அதுபோலவே சலவைத் தூளுக்கும், பற்பசைக்கும், கோப்பிக்கும், மலசலகூடக் கடதாசிக்கும், ஏன், வளர்ப்பு நாயின் உணவுக்குங்கூட அங்கே சந்தா கட்டிக்கொள்ளலாம். "மாதத்துக்கு ஒன்று" என்றோ "இரு மாதத்துக்கு ஒன்று" என்றோ ஒரு தடவை குறித்து, கடனட்டை இலக்கத்தையும் கொடுத்துவிட்டால் போதும். அதன்பின் கேட்க வேண்டியதில்லை. பெட்டி வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும். அமேசன் நிறுவனம் 'சப்ஸ்கிரைப் அன்ட் சேவ்', அஃதாவது 'சந்தா சேர்ந்து சேமியுங்கள்', என்னும் பெயரில் இதனை 2007ஆம் ஆண்டு தொடங்கியது. வேறு பல கடைகளும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின. ரொறன்ரோவிலும் லண்டனிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கும் இது புதிய செய்தியன்று.

இம்முறையை எடுத்த எடுப்பிலேயே பழித்துவிடுதல் நியாயமாகாது. கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய்க்கும், பாரமான பொதியைத் தூக்கிவர இயலாத முதியவர்க்கும், கார் இல்லாமல் கடைக்குச் செல்லுதல் அரிதான ஊர்களில் வாழ்வோர்க்கும் வாசலுக்கு வரும் பெட்டி பேருதவியே. சந்தாவை எந்நேரமும் நிறுத்தலாம். ஒரு மாதம் வேண்டாமென்றால் அந்த முறையை மாத்திரம் தவிர்த்துவிடலாம். பெட்டி புறப்படுமுன் மின்னஞ்சலில் அறிவித்தலும் வரும். இவ்வளவு வசதியிருந்தும் வீடு ஏன் நிரம்பி வழிகின்றது என்பதே ஆராயத்தக்கது.

முதலிற் சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொதி சலவைத் தூள் 6 வாரம், அஃதாவது 42 நாள், போதுமென வைத்துக்கொள்வோம். ஓராண்டின் 365 நாளை 42 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 வரும். எனவே அவ்வீட்டின் ஆண்டுத் தேவை ஒன்பது பொதிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் சந்தாப் பட்டியலில் 'ஒரு மாதம்', 'இரு மாதம்' என்ற தவணைகளைத்தான் அவர்கள் காண்கின்றார்கள். இரு மாதத்துக்கு ஒன்று என்று குறித்தால் ஆண்டுக்கு 6 பொதி, தூள் பற்றாது. மாதத்துக்கு ஒன்று என்று குறித்தால் 12 பொதி. மூன்றுக்கு மேல் மிஞ்சும். எந்த இல்லத்தரசி பற்றாக்குறையைத் தெரிந்தெடுப்பாள்? அழுக்குத் துணி குவிந்து கிடக்கையில் தூள் இல்லாமற் போவதைவிட ஒரு பொதி கூட இருப்பது மேல் என்று கருதி மாதத் தவணையையே குறிப்பாள். அவள் எண்ணத்திற் பிழையில்லை. எனினும் இவ்வாறு பத்துப் பொருள்களுக்குக் குறித்துவிட்டால் ஆண்டு முடிவில் முப்பதுக்கு மேற்பட்ட பொதிகள் அலுமாரியில் நிற்கும். ஒவ்வொரு தீர்மானமும் விவேகமானது. அவற்றின் கூட்டுத்தொகையே விபரீதமானது.

இனித் தள்ளுபடியின் திருவிளையாடல். அமெரிக்காவில் ஒரே நாளில், ஒரே முகவரிக்கு, ஐந்து சந்தாப் பொருள்களோ அதற்கு மேலோ வருமாயின் 15 வீதம் வரை விலையைக் குறைப்பது அமேசனின் வழக்கம். நான்கு பொருள்களோடு நின்றவர் ஐந்தாவதைத் தேடத் தொடங்குகிறார். தேவைப்படாத கையுறையோ கடதாசித் துவாயோ, ஏனைய நான்குக்கும் சலுகை வாங்கித் தரும் தரகனாக வீட்டுக்குள் நுழைகின்றது. அடுத்த மாதமும் அது அழையாமலே வரும். மேலே கண்ட சலவைத் தூட் கணக்கையே மறுபடி எடுங்கள். பன்னிரண்டு பொதியை 15 வீதக் கழிவோடு வாங்கினால் 10.2 பொதியின் முழுவிலையைச் செலுத்துகின்றோம். தேவைப்பட்ட 8.7 பொதியை முழுவிலைக்கே கடையில் வாங்கியிருந்தால் ஒன்றரைப் பொதியின் விலை கையில் நின்றிருக்கும். "மிஞ்சியது வீணா? அடுத்த ஆண்டு பாவிக்கலாமே" என்று வாதிப்போர் உண்டு. பாவிக்கலாம், ஆனால் சந்தாவை நிறுத்தாத வரையில் அடுத்த ஆண்டும் மூன்று மிஞ்சுமன்றோ? அன்றியும் முதல் மாதத்து விலையே பின்னரும் நிலைக்கும் என்பதில்லை. ஒவ்வொரு முறையும் அன்றைய விலையே அறவிடப்படும். கடையில் விலை ஏறினால் கை தயங்கும். கடனட்டைக்குத் தயக்கம் கிடையாது.

பண்டங்கள் எல்லாம் காத்திருக்கும் இயல்புடையனவும் அல்ல. வெண்மையாக்கும் குளோரின் திரவம் ஆறு மாதமளவில் வலுக் குறையத் தொடங்கும். வறுத்த கோப்பியின் மணம் வாரக்கணக்கிற் போய்விடும். விற்றமின் குளிகைக்கு முடிவுத் திகதி உண்டு. ஈரக்காற்றுப் பட்ட சலவைத் தூள் கல்லாகும். மலசலகூடக் கடதாசி ஒன்றுதான் பொறுமைசாலி. ஆனால் அதுவோ இடத்தை விழுங்குவதில் மன்னன்.

நிற்க. வாணிக இயலார் இவ்விடயத்தை எவ்வாறு நோக்குவர் என்பதையும் சிறிது காண்போம். பண்டசாலையில் எப்போது, எவ்வளவு வாங்கி வைப்பது என்பதற்குக் கணித விதி வகுக்கும் முயற்சி நூறாண்டுக்கு மேற்பட்டது. போர்ட் ஹரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1913இலேயே இதற்கொரு சூத்திரம் வெளியிட்டார். அதன் பின்னர் இரண்டு முறைகள் வழக்கில் நிலைத்தன. ஒன்று, கையிருப்பு ஒரு குறித்த அளவுக்கு இறங்கியதும் வாங்குதல். மற்றது, குறித்த நாள் வந்ததும் வாங்குதல். இந்த இரண்டாவது முறையில் ஒரு நிபந்தனை உண்டு. நாள் வந்ததும் பண்டசாலைக்காரர் முதலில் எண்ணிப் பார்ப்பார். எண்ணிய பின்னர்க் குறைந்ததை மாத்திரமே வரவழைப்பார். வீட்டுச் சந்தாவோ இம்முறையிலிருந்து நாட்காட்டியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, எண்ணுதலைக் கைவிட்டுவிட்டது. குறைபாடு முழுவதும் இதில் அடங்கிவிடுகின்றது. பொறி நாளை எண்ணுகின்றது, பொதியை எண்ணுவதில்லை.

ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையை ஒழுங்குபடுத்திய தைச்சி ஓனோ என்பவர் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றார். எடுத்துப் பாவித்த அளவுக்கே புதியது வரவேண்டும். பாவித்ததற்கு அடையாளமாக ஓர் அட்டை பின்னோக்கிச் செல்லவேண்டும். 'கன்பன்' எனப்படும் இம்முறைக்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது அமெரிக்கச் சுயசேவைக் கடைகளை. வாங்குவோர் எடுத்த அளவுக்குத் தட்டுக்களை நிரப்பும் அக்கடைகளின் வழக்கம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அமெரிக்காவின் கடைத் தட்டிலிருந்து ஜப்பான் கற்ற பாடத்தை அமெரிக்க வீட்டின் அலுமாரி மறந்துவிட்டது விந்தையே.

வாசலுக்குப் பொருள் வருதல் புதிதன்று. இங்கிலாந்தில் விடியற்காலையில் பால் போத்தல்களை வாசற்படியில் வைத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் செழித்திருந்தது. அங்கே முதல்நாள் வெறும் போத்தல்கள் வெளியே நிற்கும். குடித்து முடித்தது எத்தனை என்பதை அவற்றின் தொகையே சொல்லிவிடும். மேலும் வேண்டுமாயினும், இன்று வேண்டாமாயினும், ஒரு துண்டுக் கடதாசியைப் போத்தலின் வாயிற் செருகி வைப்பார்கள். நமது ஊர்களிலே பால் கொண்டுவருபவருக்கு அதுகூடத் தேவையில்லை. படலையடியில் நின்று, "நாளைக்கு வேண்டாம் தம்பி, பிள்ளைகள் ஊருக்குப் போகினம்" என்று ஒரு வார்த்தை சொன்னாற் போதும். வெறும் போத்தலும் அந்த ஒரு வார்த்தையுமே அம்முறைகளுக்குக் கண்ணாக இருந்தன. இன்றைய பெட்டியைக் கொண்டுவருபவர் வாசலில் வைத்துவிட்டு மறைகின்றார். உள்ளே எத்தனை பெட்டி உண்டென்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அதில் அதிகாரமில்லை.

வீட்டின் தேவை ஓடும் நீர்போல மாறிக்கொண்டிருப்பது. இதற்குக் கைக்குழந்தையைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. பம்பர்ஸ் என்று நம் வீடுகளிற் பெயர் பெற்றுவிட்ட அணையாடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வரை வேண்டியிருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அத்தொகை குறைந்து, ஓராண்டு நிறையும்போது ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே வேளையில் குழந்தையின் நிறையோ ஐந்தாம் மாதமளவிற் பிறந்தபோதிருந்ததைப் போல் இரு மடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் பெருகுகின்றது. அணையாடையோ நிறைக்கு ஏற்ற அளவுகளில் விற்கப்படுவது. மிகச் சிறிய அளவு நாலரைக் கிலோ வரையுள்ள குழந்தைக்கே பொருந்தும். இரவில் உறக்கமின்றித் தவிக்கும் பெற்றோர், பிறந்த முதல் வாரத்துக் கணக்கைக் கொண்டு சந்தாவைக் குறித்துவிடுகின்றனர். எண்ணிக்கையும் தவறிப்போகின்றது, அளவும் தவறிப்போகின்றது. மூன்றாம் பெட்டி வந்து சேரும்போது குழந்தை அதற்குள் அடங்காது. உடைத்த பெட்டியைத் திருப்பியனுப்ப நேரமும் இல்லை. அடுத்ததை நிறுத்த நினைவும் இல்லை. சந்தாவினால் அதிகம் பயனடைய வேண்டியவர்களே அதனால் அதிகம் ஏமாறுகின்றனர்.

மாற்றங்கள் இன்பமானவையாக மாத்திரம் இருப்பதில்லை. வளர்ப்புப் பிராணிகளின் உணவை விற்கும் 'சூவி' என்னும் அமெரிக்க இணையக் கடை 2011இல் நிறுவப்பட்டது. அதன் விற்பனையில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பங்கு இத்தகைய தானியங்கு அனுப்பல் மூலமே நடைபெறுகின்றது. நாய் இறந்த பின்னரும் நாயின் உணவு வாசலுக்கு வந்தால் அவ்வீட்டாரின் மனம் என்ன பாடுபடும்? உணவைத் திருப்பியனுப்ப விரும்பிய ஒருவருக்கு அக்கடை பணத்தை மீளக் கொடுத்து, அவ்வுணவைப் பிராணிகள் காப்பகத்துக்கு வழங்கும்படி கூறி, மலர்க் கொத்தும் அனுப்பிய செய்தி 2022இல் அமெரிக்கா முழுதும் பேசப்பட்டது. அது கடைப் பணியாளரின் மனிதத் தன்மை. பொறிக்கு அத்தன்மையில்லை, எவரேனும் சொன்னாலொழிய அது அறியாது. தனித்து வாழ்ந்த முதியவர் ஒருவர் காலமானால், அவர் குடித்த கோப்பியும் விழுங்கிய குளிகையும் அவரது கடனட்டை இயங்கும் வரை வந்துகொண்டிருக்கக்கூடும். பூட்டிய வீட்டு வாசலிற் குவியும் பெட்டிகளைப் பார்த்து அயலார் ஐயுறவேண்டிய நிலை.

"வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே?" என்பது விற்பவர் விடை. மௌனம் சம்மதம் என்பது கலியாணப் பேச்சிலே நாமறிந்த வழக்கு. அதனை வாணிகத்தில் ஏற்றியவர்கள் அமெரிக்கப் புத்தக வியாபாரிகள். ஹரி ஷேர்மன் என்பவர் 1926இல் தொடங்கிய 'புக் ஒவ் த மன்த் கிளப்' என்னும் மாதாந்தப் புத்தகக் கழகம் அங்கத்தவர்க்கு வரப்போகும் நூலை முன்கூட்டி அறிவிக்கும். குறித்த நாளுக்குள் மறுப்பு எழுதாவிட்டால் நூல் வந்துவிடும். பின்னர் இசைத்தட்டுக் கழகங்களும் இதே உத்தியைக் கையாண்டன. மறுக்காமை வாங்குதலாகக் கொள்ளப்படும் இம்முறைக்கு அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1973இல் விதிகள் வகுக்க நேர்ந்தது. அக்காலத்தில் மறுப்பதற்கு ஓர் அஞ்சலட்டையும் முத்திரையும் வேண்டும். இன்று ஒரு விரலசைவு போதும். ஆயினும் மறதிக்கு அன்றும் இன்றும் ஒரே அளவுதான்.

மறதியின் பெறுமதியைப் பொருளியலார் அளந்தே பார்த்திருக்கின்றனர். ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மென்டியர் என்னும் இருவர் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்கள் சிலவற்றின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதம் 70 டொலருக்கு மேல் செலுத்திய அங்கத்தவர் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவையே சென்றனர். ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. அங்கே பத்துத் தடவைக்கான சீட்டை வாங்கினால் ஒரு தடவைக்கு 10 டொலரே ஆகும்! அதனினும் சுவையானது இன்னொன்று: கடைசியாகச் சென்ற நாளுக்கும் சந்தாவை நிறுத்திய நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு முழு மாதங்களுக்கு மேல் கழிந்திருந்தன. லிரான் ஐனாவ், பெஞ்சமின் குளோபக், நீல் மகோனி ஆகியோர் அண்மைக் காலத்தில் வேறொரு வழியில் இதனை ஆராய்ந்தனர். கடனட்டை தொலைந்தோ காலாவதியாகியோ புதிய அட்டை வழங்கப்படும்போது, சந்தாக்காரர் புதிய இலக்கத்தைக் கொடுத்தாலன்றிச் சந்தா தொடராது. அந்த ஒரு கணத்தில் அவர்கள் விழித்துக்கொள்கின்றனர், பெருந்தொகையானோர் விலகிவிடுகின்றனர். கவனமின்மையால் விற்பவர்க்குக் கிடைக்கும் வருமானம், சேவைக்குச் சேவை வேறுபட்டு, 14 வீதம் முதல் 200 வீதத்துக்கு மேல் வரை உயர்கின்றதென்பது அவர்கள் கண்ட முடிவு. இவை சவர்க்காரத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் அல்ல. எனினும், பாவிக்காத உடற்பயிற்சிக்கூடம் வீட்டில் இடம் பிடிப்பதில்லை. பாவிக்காத சவர்க்காரம் கண்ணெதிரே குவிகின்றது. அவ்வகையில் சவர்க்காரச் சந்தாக்காரர் ஓரளவு அதிர்ஷ்டசாலிகளே.

இங்கே இல்லத்தரசிகளின் பக்கத்துக்கு நியாயமான ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அலிசன் டமிங்கர் என்னும் சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டை நடத்தும் மனவுழைப்பை நான்கு படிகளாகப் பிரித்தார். தேவையை முன்கூட்டி உணர்தல், வழிகளைத் தேடுதல், தீர்மானித்தல், நடந்ததைக் கண்காணித்தல் என்பன அவை. அவர் ஆராய்ந்த தம்பதியரிடையே தீர்மானித்தல் இருவர்க்கும் பொதுவாக இருக்க, முன்கூட்டி உணர்தலும் கண்காணித்தலும் பெரும்பாலும் மனைவியரின் தலையிலேயே விழுந்தன. சந்தா முறை எதனைத் தன் தலையில் ஏற்கின்றது? வாங்குவதென்ற தீர்மானத்தையும் கடைக்குப் போகும் நடையையும். கண்காணித்தலை அது ஏற்கவில்லை. மாறாக அதனைத் தலைகீழாக்கிவிட்டது. முன்னர் வாங்க மறவாதிருக்க வேண்டும். இப்பொழுது வாங்காதிருக்க மறவாதிருக்க வேண்டும். இரண்டாவதே கடினம். ஏனெனில் முன்னையதை வெறும் டப்பா நினைவூட்டும். பின்னையதை நினைவூட்ட அலுமாரியில் எதுவுமில்லை. கணவன் தன் கணக்கில் ஒரு சந்தாவும் மனைவி தன் கணக்கில் ஒரு சந்தாவும் வைத்திருந்து, போதாததற்கு மகன் கடைப்பக்கம் போகையில் மலிவென்று கண்டு ஒன்றை வாங்கிவருவானாயின், பெருக்கத்தின் கதையைச் சொல்லவும் வேண்டுமா? இல்லத்தரசி எல்லாவற்றையும் தன் மனத்தில் வைத்திருந்த காலத்தில் அவ்வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளையேனும் இருந்தார்.

பஞ்சத்தின் அச்சமும் இதற்குள் உண்டு. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபொழுது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் மலசலகூடக் கடதாசிக்கு மக்கள் முண்டியடித்ததை உலகம் கண்டது. வெறுந் தட்டைக் கண்ட கண் எளிதில் அமைதியடையாது. 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நமக்கு அம்மனநிலையை விளக்க வேண்டியதில்லை. நாம் நின்ற வரிசையில், கிடைத்த பொதியின் எண்ணிக்கை ஒவ்வொருவர்க்கும் மனப்பாடம். அச்சத்தினாற் குறித்த சந்தாவோ அச்சம் நீங்கிய பின்னரும், எண்ணுவார் இன்றித் தொடர்கின்றது.

பாவனையைப் பார்த்து வாங்கும் பொறியை ஆக்க முயன்றதே இல்லை என்று சொல்வதற்கில்லை. அமேசன் நிறுவனம் 2015 மார்ச் 31ஆந் திகதி 'டாஷ் பட்டன்' என்னும் சிறு பொத்தானை அறிமுகம் செய்தது. மறுநாள் ஏப்பிரல் முதலாந் திகதியாதலால் பலர் அதனை முட்டாள்தின வேடிக்கை என்றே எண்ணினர். சலவைப் பொறியின்மேல் ஒட்டி வைத்து, தூள் தீரும் வேளையில் ஒருமுறை அழுத்தினால் ஒரு பொதி வரும். குழந்தை விளையாட்டாகப் பத்துத் தடவை அழுத்தினாலும், முன்னைய பொதி வந்து சேரும் வரை மற்றொன்று அனுப்பப்படாதவாறு அமைத்திருந்தனர். கண்ணும் கையும் அங்கே வீட்டாருடையவை. ஆதலால் மாதச் சந்தாவைவிட அது ஒருபடி மேல் என்றே சொல்வேன். ஆனால் அழுத்தும் கணத்தில் விலை என்னவென்று பொத்தான் சொல்லவில்லை. இதனைக் காட்டி ஜேர்மனியில் பாவனையாளர் பாதுகாப்பு அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. மியூனிக் மேல் நீதிமன்றம் 2019 ஜனவரியில் அது சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அப்பொத்தான் உலக முழுதும் விடைபெற்றுக்கொண்டது. மை குறைந்ததைத் தானே அறிந்து வரவழைக்கும் அச்சுப்பொறிகளும், தன்மேல் வைத்த பண்டத்தின் நிறையைப் பார்த்து வாங்கும் தட்டுக்களும் வந்துள்ளன. சவர்க்காரப் பெட்டிக்கு அத்தகைய கண் இன்னும் வாய்க்கவில்லை.

சட்டத்தின் நிலை நாட்டுக்கு நாடு வேறு. அமேசனின் 'பிரைம்' என்னும் வேறொரு சந்தாவிற் சேர்வது எளிது, விலகுவது அரிது என்று கூறி, அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2023 யூனில் வழக்குத் தொடுத்தது. விலகும் வழிக்கு அந்நிறுவனத்தார் தமக்குள் 'இலியட்' என்று பெயரிட்டிருந்தனர் என்பது அவ்வழக்கில் வெளிவந்த செய்தி. ஹோமரின் நெடும் போர்க் காவியத்தின் பெயரை இதற்கு வைத்தவர் இலக்கியச் சுவை அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும்! 2025 செப்டெம்பரில் 250 கோடி டொலர் செலுத்த இணங்கி அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. சேர்ந்தது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக வேண்டுமென்று அதே ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் இயற்றிய பொது விதி, நடைமுறைக்கு வருமுன்னரே, இயற்றிய முறையிற் குறைபாடு உண்டென்று 2025 யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. ஜேர்மனியில் 2022 யூலை முதலாந் திகதி தொடக்கம், இணையத்திற் செய்யும் இத்தகைய தொடர் ஒப்பந்தங்களுக்கு விலகும் பொத்தானைத் தெளிவாக வைத்தல் கட்டாயம். அயல்நாடாகிய இந்தியாவிலோ ரிசேர்வ் வங்கியின் விதிப்படி 2021 ஒக்டோபர் தொடக்கம், அட்டையிலிருந்து தவணைப் பணம் எடுப்பதற்கு 24 மணித்தியாலம் முன்னதாக உரியவருக்கு அறிவித்தல் வேண்டும். ஊமை மிகுதிக்கு அரசாங்கம் வாய் வைத்துக் கொடுக்கும் முயற்சிகள் இவை.

சந்தாவைக் கைவிட விரும்பாதவர்க்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. பொதியை உடைக்கும் நாளிலே அதன்மேல் பென்சிலால் திகதியை எழுதிவிடுங்கள். அடுத்ததை உடைக்கும்போதும் எழுதுங்கள். மூன்று பொதி சென்றால் வீட்டின் உண்மையான தவணை எத்தனை நாளென்பது தெரிந்துவிடும். அதற்குச் சற்று நீண்ட தவணையைச் சந்தாவிற் குறித்து, இடையில் விழும் குறையைக் கடையில் வாங்கி நிரப்பினால் அலுமாரி மூடும். நீர் வடிகட்டியின் உள்ளீடு போல நாட்கணக்கில் மாற்றவேண்டிய பொருளுக்குச் சந்தா முற்றிலும் பொருந்தும். அணையாடைக்கும் கோப்பிக்கும் அது பொருந்துவது அரிது.

வந்து குவிந்துவிட்டதை என்ன செய்வது? அமெரிக்காவில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கும் உணவு மானியத்தைக் கொண்டு அரிசியும் பாலும் வாங்கலாம். சவர்க்காரமோ, கடதாசியோ, குழந்தையின் அணையாடையோ வாங்க முடியாது. உணவு அல்லாத பொருளுக்கு அம்மானியம் செல்லாது. ஆதலால் அணையாடைக்கென்றே தனி வங்கிகள் அங்குப் பல நகரங்களில் இயங்குகின்றன. அவற்றை இணைக்கும் தேசிய அமைப்பு 2011இல் உருவாயிற்று. குழந்தை வளர்ந்துவிட்டதால் மிஞ்சிய பொதியை அவ்வங்கிகளுக்குக் கொண்டுசென்று கொடுக்கலாம். பொதி உடைபட்டிருந்தாலும் உள்ளிருப்பவை சுத்தமாயிருந்தால் அவற்றுட் பல மறுப்பதில்லை. எண்ணி, அளவு பார்த்து, வேறு பொதியாகக் கட்டி, கேட்டு வரும் தாய்மாருக்குக் கொடுக்கின்றன.